சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை: இங்கிலாந்தில் பட்டியல் முதல் லேசர் வரை

“போன மாதம்தான் கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டினேன், மறுபடியும் எதற்கு?” இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சர்க்கரை நோயாளிகளுக்கு அனுப்பும் கண் பரிசோதனைக் கடிதத்தை மூலையில் போடுவதற்கு நம் வீடுகளில் சொல்லப்படும் முதல் காரணம் இது. அடுத்தது, “எனக்குப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?”

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் விழித்திரையில் உள்ள மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை மெதுவாகக் கெடுக்கிறது. சுவர் பலவீனப்பட்டுச் சிறு புடைப்புகள் வரும், ரத்தமும் கொழுப்பும் கசியும், சில இடங்களுக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடும். இவ்வளவும் நடக்கும்போது பேப்பர் படிக்கலாம், வண்டி ஓட்டலாம், ஒரு குறையும் தெரியாது. தெரியும் கட்டத்தில் பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். லேசர் சிகிச்சை, பார்வை மேலும் போகாமல் தடுக்கும். போனதை முழுதாகத் திருப்பித் தராது. அதனால்தான் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள்.

முதல் காரணத்துக்கு வருவோம். கண்ணாடிக் கடையிலும் கண்ணின் உள்ளே பார்க்கிறார்கள், பல கடைகளில் படமும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் படம் என்.எச்.எஸ். திட்டத்தில் படங்களைப் பார்த்துத் தரம்பிரிக்கும் கிரேடர்களிடம் போவதில்லை. அடுத்த முறை நீங்கள் வராவிட்டால் உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.க்கு யாரும் எழுதுவதும் இல்லை. குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சில ஊர்களில் என்.எச்.எஸ். திட்டத்துக்கான படமே கண்ணாடிக் கடையில்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சர்க்கரைக் கண் பரிசோதனைத் திட்டத்தின் பெயரில் அழைப்பு வந்து, முடிவும் அதே பெயரில் கடிதமாக வந்தால்தான் அது இந்தப் பரிசோதனை. இரண்டுக்கும் போக வேண்டும். இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டுமே இலவசம்.

1989ல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட்டில் ஐரோப்பிய நாடுகள் கூடி, சர்க்கரையால் புதிதாகப் பார்வை போவதை மூன்றில் ஒரு பங்காவது குறைப்போம் என்று இலக்கு வைத்தன. இங்கிலாந்தில் தேசியத் திட்டம் 2003ல் தொடங்கி 2008க்குள் நாடு முழுக்கப் பரவியது. 2014ல் வெளியான ஓர் ஆய்வு 1999-2000, 2009-10 ஆகிய ஆண்டுகளின் பார்வையிழப்புச் சான்றிதழ்களை ஒப்பிட்டது. வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்தது ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த சர்க்கரை நோய் அந்த இடத்தை இழந்திருந்தது. பரம்பரை விழித்திரை நோய்கள் முதலிடத்துக்கு வந்திருந்தன. எல்லாப் பெருமையும் கேமராவுக்குப் போகக் கூடாது, ஏனென்றால் சர்க்கரைக் கட்டுப்பாடும் அந்தக் காலத்தில் மேம்பட்டது. இருந்தாலும் இவ்வளவு தெளிவாகப் பலன் காட்டிய பரிசோதனைத் திட்டங்கள் குறைவு.

பலன் தந்தது படமெடுக்கும் தொழில்நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், பாதி வேலையைச் செய்வது பட்டியலும் விடாத துரத்தலும்தான். அதனால் ஒவ்வொரு படியிலும் அவர்கள் என்ன செய்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எங்கே அறுந்துபோகும் என்பதையும் சொல்கிறேன். இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் தனித்தனியாகத் தங்கள் திட்டங்களை நடத்துகின்றன.

முதல் படி: பட்டியலில் உங்கள் பெயர்

ஜி.பி. உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று கணினியில் பதிந்ததும், நீங்கள் 12 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால், உங்கள் பகுதியின் கண் பரிசோதனைச் சேவைக்கு உங்கள் பெயர் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான இடங்களில் மாதந்தோறும் கணினியே இந்தத் தகவலை இழுத்துக்கொள்கிறது. டைப் 1, டைப் 2 இரண்டும் இதில் அடங்கும். கர்ப்பகாலத்தில் மட்டும் வந்து போகும் சர்க்கரைக்கும், எல்லைக்கோட்டில் நிற்கும் ப்ரீ-டயபடீஸுக்கும் அழைப்பு வராது.

எல்லாம் தானாக நடப்பதால் தவறும் தானாகவே நடக்கும். நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இது: சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டு, ஊரிலிருந்து வரும் மாத்திரையையே போட்டுக்கொண்டு, இங்கே ஜி.பி.யிடம் சொல்லாமலே வருடக்கணக்கில் இருப்பவர்கள். ஜி.பி. கணினியில் அந்தச் சொல் இல்லையென்றால் இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சர்க்கரையே இல்லை. பெற்றோரை இங்கே அழைத்து வந்து நிரந்தரமாக வைத்துக்கொள்பவர்கள், ஜி.பி.யில் பதியும்போதே ஊர் மருந்துச் சீட்டுகளைக் காட்டி சர்க்கரை என்று பதியச் சொல்லுங்கள்.

அடுத்தது வீடு மாறுபவர்கள். புது ஜி.பி.யில் பதிவது தள்ளிப்போனால் கடிதம் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. உடல் எடையைக் குறைத்து, மாத்திரையை நிறுத்தி, “உங்களுக்கு இப்போது சர்க்கரை இல்லை” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் பழைய சர்க்கரை விட்டுச்சென்ற சேதம் விழித்திரையில் இருக்கலாம், பின்னால் தெரியவும் கூடும். இப்படிப்பட்டவர்களையும் தொடர்ந்து அழைக்க வேண்டும் என்பதே விதி. ஜி.பி. கணினியில் ‘தணிந்திருக்கிறது’ என்று பதியாமல் ‘தீர்ந்துவிட்டது’ என்று பதிந்துவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நழுவிப்போகலாம்.

மூன்றுக்கும் ஒரே மருந்து, ரிசப்ஷனில் ஒரு கேள்வி: “சர்க்கரை நோயாளிகள் பட்டியலில் நான் இருக்கிறேனா, கண் பரிசோதனைக்கு என் பெயர் போயிருக்கிறதா?” உங்கள் பகுதிச் சேவையை நேரடியாகப் போனில் அழைத்தும் கேட்கலாம்.

இரண்டாம் படி: அழைப்பு

புதிதாகப் பட்டியலில் சேர்ந்தவருக்குச் சுமார் மூன்று மாதத்துக்குள் முதல் அப்பாயின்ட்மென்ட் தர வேண்டும். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. 2023 அக்டோபர் முதல் இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகளில் இரண்டு கண்ணிலும் எதுவுமே இல்லை என்று வந்தால், அடுத்த அழைப்பு இரண்டு வருடம் கழித்துத்தான். “இந்த வருடம் எனக்குக் கடிதமே வரவில்லை, மறந்துவிட்டார்கள்” என்று பதறுபவர்களில் பலர் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள். கடைசியாக வந்த முடிவுக் கடிதத்தில் அடுத்தது எப்போது என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கண்ணில் சின்னப் புள்ளி இருந்தாலும் வருடாந்தர வரிசையிலேயே இருப்பீர்கள். ஸ்காட்லாந்து இந்த இரண்டு வருட முறைக்கு 2021லேயே போய்விட்டது.

வராதவர்களுக்கு நினைவூட்டல் போகும், ஜி.பி.க்கும் தகவல் போகும். அழைக்கப்பட்டவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேராவது வர வேண்டும், நல்ல சேவையென்றால் 85 சதவீதம் என்பது திட்டம் தனக்கே வைத்திருக்கும் அளவுகோல். வராதவர்களில் இளைஞர்கள் அதிகம், வசதி குறைந்த பகுதிகளில் இருப்பவர்கள் அதிகம். இதை அலட்சியம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. டாக்ஸி ஓட்டுபவருக்குச் சொட்டு மருந்து விட்டால் அன்றைய சவாரி போச்சு. கடையில் தனியாக நிற்பவருக்கு அரைநாள் ஷட்டரை இறக்க வேண்டும். பல இடங்களில் மாலை நேரமும் சனிக்கிழமையும் கிளினிக் நடக்கிறது. கடிதத்தில் போட்டிருக்கும் நேரமே முடிவு என்று நினைக்காமல், போனில் அழைத்து மாற்றிக் கேளுங்கள்.

ஆங்கிலம் சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம், அதற்குக் காசு இல்லை. பத்து வயதுப் பேரனைக் கூட்டிப் போய் “லேசர்”, “ரத்தக் கசிவு” என்றெல்லாம் அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டாம்.

வேண்டவே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து விலகவும் உரிமை உண்டு. பிறகு மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். ஏற்கெனவே மருத்துவமனைக் கண் பிரிவில் சர்க்கரைக் கண்ணுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த அழைப்பு நிறுத்தி வைக்கப்படும். அங்கிருந்து விடுவிக்கப்பட்டதும் மீண்டும் அழைப்பு வர வேண்டும். கண்புரைக்காகவோ கண் அழுத்தத்துக்காகவோ மருத்துவமனைக்குப் போகிறவர்கள், அதைக் காரணம் காட்டி இதை விடக் கூடாது. அங்கே பார்ப்பது வேறு.

மூன்றாம் படி: அன்றைய நாள்

மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். கையில் எடுத்துப்போக வேண்டியவை: தூரத்துக்கும் படிப்பதற்கும் போடும் எல்லாக் கண்ணாடிகளும், காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் அதன் திரவமும் டப்பாவும், ஒரு கூலிங் கிளாஸ், மருந்துப் பட்டியல். கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சாப்பிடாமல் போக வேண்டியதில்லை. இன்சுலின், மாத்திரை எல்லாம் வழக்கம்போலத்தான்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு கண்ணாக, உங்கள் தூரக் கண்ணாடியோடு. சிலருக்குச் சிறு துளையிட்ட அட்டை வழியாகவும் பார்க்கச் சொல்வார்கள். சடங்கு என்று நினைத்து அரைகுறையாகப் படிக்காதீர்கள். பின்னால் படத்தைத் தரம்பிரிக்கும்போது இந்த எண்ணும் கணக்கில் வருகிறது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் இல்லாத பிரச்சினை இருப்பதுபோல் தோன்றலாம்.

அப்புறம் சொட்டு மருந்து. வழக்கமாக ட்ராபிகமைடு 1 சதவீதம். சில விநாடி எரியும். பதினைந்து, இருபது நிமிடத்தில் கண்ணின் பாப்பா விரிந்துவிடும். கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். இது சரியாகச் சில மணி நேரம் ஆகும், சிலருக்கு ஆறு மணி நேரம் வரை. கறுப்புக் கண் உள்ளவர்களுக்கு விரிய நேரம் பிடிப்பதால் சில சமயம் இன்னொரு சொட்டும் விடுவார்கள்.

கேமரா கண்ணைத் தொடாது. முகவாயைத் தாங்கியில் வைத்து ஓர் ஒளியைப் பார்க்க வேண்டும், பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் 45 பாகை அகலத்தில் இரண்டு படம்: ஒன்று மக்யூலா எனப்படும் நடுப்பகுதியை மையமாக வைத்து, இன்னொன்று பார்வை நரம்பு உள்ளே நுழையும் வட்டை மையமாக வைத்து. ஃபிளாஷுக்குப் பிறகு சில நிமிடம் எல்லாம் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. மிக அரிதாகச் சொட்டு மருந்து கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் கடுமையான வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், பார்வை மங்கிக்கொண்டே போவது ஆகியவை இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படம் எடுப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற ஸ்கிரீனர். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிட்டு, கடிதம் வரும் என்பார். மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. முடிவு சொல்லும் வேலை அடுத்த அறையில் இருக்கிறது.

நான்காம் படி: படத்தை யார் பார்க்கிறார்கள்

நோயாளிகளின் கண்ணுக்குத் தெரியாத பகுதி இது. திட்டத்தின் நம்பகத்தன்மை முழுவதும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கிரேடர் உங்கள் நான்கு படங்களையும் பார்க்கிறார். எந்தப் பாதிப்பும் இல்லை, படமும் தெளிவு என்றால் அது முடிவாகிவிடும். ஆனால் அப்படி ‘சுத்தம்’ என்று முடிக்கப்பட்டவற்றிலிருந்து 10 சதவீதத்தை எடுத்து, முதலாமவர் தவறவிட்டாரா என்று இன்னொருவர் பார்ப்பார். ஏதாவது பாதிப்பு இருக்கிறது என்று முதலாமவர் சொன்னால், அத்தனை படமும் இரண்டாம் கிரேடரிடம் போகும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக ஒருவர் தீர்ப்புச் சொல்வார். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்தால், அனுபவம் கூடிய ஒருவர் கடைசியாகப் பார்த்து, அவசரமா, சாதாரணமா, கண்காணிப்புக் கிளினிக்கே போதுமா என்று முடிவு செய்வார்.

கிரேடர்களுக்கும் தேர்வு உண்டு. மாதந்தோறும் ஆன்லைனில் சோதனைப் படங்கள் வரும், அவர்கள் சொன்ன விடை சரியான விடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பதிவாகும். வருடத்துக்குக் குறைந்தது 1000 பேரின் படங்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்ற அளவும் இருக்கிறது. எப்போதாவது பார்ப்பவரின் கண் மழுங்கிப்போகும் என்பதுதான் காரணம்.

செயற்கை நுண்ணறிவு செய்யாதா என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தில் 2011 முதலே ஒரு மென்பொருள் முதல் வடிகட்டலைச் செய்துவருகிறது. நோய் இல்லாத படங்களைப் பிரித்து ஒதுக்குவது அதன் வேலை, மற்றவற்றை மனிதர் பார்ப்பார். சலிப்பூட்டும் வேலையை இயந்திரத்திடம் தள்ளி, மனிதக் கவனத்தைச் சிக்கலானவற்றுக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

படம் தெளிவாக வராவிட்டால்? கண்புரை, விரியாத பாப்பா, நடுங்கும் கை கால் என்று காரணங்கள் பல. அப்போது ‘தரம்பிரிக்க முடியவில்லை’ என்று குறித்து, சிலிட் லேம்ப் என்ற நுண்ணோக்கி வழியாக நேரடியாகப் பார்க்கும் கிளினிக்குக்கு அழைப்பார்கள். இந்தக் கடிதத்தைப் ‘பிரச்சினை இல்லை’ என்று படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. ‘இன்னும் தெரியவில்லை’ என்பதுதான் இதற்குப் பொருள். கட்டாயம் போங்கள்.

ஐந்தாம் படி: கடிதத்தைப் படிப்பது

மூன்று வாரத்துக்குள் முடிவு அனுப்ப வேண்டும் என்பது சேவையின் இலக்கு. ஆறு வாரம் ஆகியும் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள். ஒரு நகல் ஜி.பி.க்குப் போகும். கடிதம் எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் ஜி.பி. பதிவிலோ மருத்துவமனைத் தாளிலோ ‘ஆர் 1 எம் 0’ போன்ற குறிகளைப் பார்க்கலாம். ஆர் என்பது விழித்திரை முழுவதற்கும், எம் என்பது மக்யூலாவுக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதுவார்கள்.

ஆர் 0: ஒன்றுமில்லை.

ஆர் 1: ஆரம்பநிலை. சிறு புடைப்புகள், சில ரத்தப் புள்ளிகள். நீண்ட காலமாகச் சர்க்கரையோடு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் வருவது இது. கண்ணுக்குச் சிகிச்சை தேவையில்லை, வருடத்துக்கு ஒருமுறை படம் போதும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பற்றி ஜி.பி.யிடம் உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. நோய் பின்வாங்கக்கூடிய கட்டமும் இதுதான்.

ஆர் 2: புதுக் குழாய்கள் முளைப்பதற்கு முந்தைய நிலை. ரத்தத் திட்டுகள் நிறைய, சிரைகள் மணி கோத்ததுபோல் வீங்கியிருக்கும். மருத்துவமனைக்கோ கண்காணிப்புக் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள்.

ஆர் 3 ஏ: பட்டினி கிடக்கும் விழித்திரை பலவீனமான புதுக் குழாய்களை முளைக்கவிட்டிருக்கிறது. அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் நிரம்பலாம், விழித்திரையைப் பிடித்து இழுக்கலாம். இது அவசரம். ஆர் 3 எஸ் என்றால் சிகிச்சை முடிந்து நிலையாக இருக்கிறது.

எம் 1: மக்யூலாவில் பாதிப்பு. நடுப்புள்ளிக்கு மிக அருகே கொழுப்புப் படிவு இருந்தால் அதுவே போதும் இந்தக் குறிக்கு. ரத்தப் புள்ளியோ புடைப்போ மட்டும் இருந்தால், பார்வை 6/12 (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதைவிடக் குறைவாக இருக்கும்போதுதான் எம் 1. எழுத்துப் பலகையை ஒழுங்காகப் படியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். பி 1 என்று பார்த்தால், லேசர் செய்த தழும்பு இருக்கிறது என்று பொருள்.

‘கண்காணிப்புக் கிளினிக்’ என்று கடிதம் வந்தால், உடனே சிகிச்சை தேவைப்படாத, ஆனால் ஒரு வருடம் விட்டுவைக்கவும் முடியாத நிலை. சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுப்பார்கள், பல இடங்களில் விழித்திரையின் தடிப்பை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் உண்டு.

ஆறாம் படி: மருத்துவமனை

ஆர் 3 ஏ என்றால் ஆறு வாரத்துக்குள் கண் மருத்துவமனையில் உங்களைப் பார்க்க வேண்டும். ஆர் 2, எம் 1 என்றால் 13 வாரத்துக்குள். சங்கிலி அதிகம் அறுபடும் இடம் இது. பரிசோதனைச் சேவை ஒரு நிறுவனம், மருத்துவமனை இன்னொரு நிறுவனம். கடிதம் ஒன்றிலிருந்து கிளம்பி மற்றொன்றில் தேங்கலாம். இதற்காகவே ஒவ்வொரு சேவையிலும், அனுப்பப்பட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டார்களா என்று விடாமல் துரத்த ஆள் வைத்திருக்கிறார்கள். ஃபெயில்சேஃப் என்று அந்த வேலைக்குப் பெயர். ஊரில் நடக்கும் இலவச முகாம்களுக்கும் இப்படிப்பட்ட திட்டத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த நாற்காலிதான் என்பேன். நீங்களும் துரத்துங்கள்: ‘அவசரம்’ என்று கடிதம் வந்து இரண்டு வாரமாகியும் மருத்துவமனைத் தேதி வரவில்லையென்றால், முதலில் பரிசோதனைச் சேவைக்குப் போன்.

சிகிச்சை முக்கியமாக இரண்டு வகை. புதுக் குழாய்களுக்கு லேசர்: விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சூட்டுப் புள்ளிகள், ஒரே தடவையிலோ பல தடவைகளாகவோ. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இருட்டில் பார்ப்பதும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அது மையப் பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை. மக்யூலா வீக்கத்துக்குப் பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி, ஆரம்பத்தில் மாதம் ஒன்று என்ற கணக்கில். கேட்கவே கூசும். ஆனால் மரத்துப்போகச் சொட்டு விட்ட பிறகு ஓர் அழுத்தம் மட்டுமே தெரிந்தது என்று பலர் சொல்வார்கள். வரிசையாகப் போட வேண்டிய ஊசிகளை நடுவில் ஊருக்குப் போய் விட்டுவிடுவதுதான் நம்மவர்களிடம் உள்ள சிக்கல். டிக்கெட் எடுக்கும் முன்பு கிளினிக்கில் பேசிவிடுங்கள்.

இடையில் கவனிக்க வேண்டிய சில சமயங்கள்

ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் அட்டவணை மாறுகிறது. முதல் கர்ப்பகால வருகையை ஒட்டி ஒரு படம், 28ஆம் வாரத்தில் இன்னொன்று. முதல் படத்தில் ஆரம்பநிலைப் பாதிப்பு இருந்தால் 16 முதல் 20 வாரத்துக்குள் மேலும் ஒன்று. கர்ப்பத்தில் விழித்திரை நோய் வேகமெடுக்கக்கூடும், அதனால்தான் இவ்வளவு நெருக்கம்.

இன்னொன்று, சர்க்கரை திடீரென்று வேகமாக இறங்கும் காலம். இன்சுலின் புதிதாகத் தொடங்கும்போதோ, செமாக்ளூடைடு போன்ற ஊசிகளில் எச்.பி.ஏ.1.சி. எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு மளமளவென்று குறையும்போதோ, ஏற்கெனவே பாதிப்பு உள்ள விழித்திரை சில காலம் மோசமாகலாம். நீண்ட கால நோக்கில் குறைவது நல்லதுதான், மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. தொடங்கும் முன் கண் படம் சமீபத்தில் எடுத்ததா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கண்ணுக்கென்றே ஒரு மாத்திரை உண்டா? கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட் பற்றி 2024ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த, ‘லென்ஸ்’ என்று பெயரிட்ட ஆய்வு, ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு நோய் முற்றுவது 27 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஆய்வில் சேர்ந்த 1151 பேரைக் கண்டுபிடித்ததும் பின்தொடர்ந்ததும் ஸ்காட்லாந்தின் கண் பரிசோதனைப் பட்டியலின் துணையோடுதான். ஆர் 1 என்று வந்தவர்கள் அடுத்த முறை ஜி.பி.யிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, நேர்க்கோடு வளைந்து தெரிவது: இவற்றுக்கெல்லாம் அடுத்த அழைப்புவரை காத்திருக்கக் கூடாது. பரிசோதனைத் திட்டம் தொந்தரவு இல்லாதவர்களுக்கானது. தொந்தரவு வந்துவிட்டால் அன்றே கண் அவசரப் பிரிவு.

அப்பா அம்மா ஊரில் இருந்தால்

2023ல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்களை 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. அவர்களைத் தேடிக் கடிதம் போடும் பட்டியல் அங்கே இல்லை. திறமைக்குக் குறைவில்லை. 1976ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று சிற்றூர்க் கண் மையங்கள் வரை பரவியிருக்கிறது. 2016ல் கூகுள் வெளியிட்ட, விழித்திரைப் படத்தைத் தானே வாசிக்கும் மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயாவின் படங்களும் உண்டு. பல சர்க்கரை டாக்டர்களின் கிளினிக்கிலேயே கேமரா இருக்கிறது. இல்லாதது, ‘போன வருடம் வந்தீர்களே, இந்த வருடம் ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் குரல்.

அந்த வேலையை நீங்கள் இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் போன் காலண்டரில் வருடத்துக்கு ஒரு தேதி. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்றே, பாப்பாவை விரித்து விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு “நார்மல்” என்பது கணக்கில் சேராது. அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆர், எம் குறிகள் இருக்காது. ‘மைல்ட்’, ‘மாடரேட்’, ‘சிவியர் என்.பி.டி.ஆர்.’, ‘பி.டி.ஆர்.’ என்று இருக்கும். முதல் மூன்றும் புதுக் குழாய் முளைக்காத நிலைகள். பி.டி.ஆர். என்றால் முளைத்துவிட்டது, இங்கே ஆர் 3 ஏ என்பதற்குச் சமம். சிவியர் என்றாலோ, பி.டி.ஆர். என்றாலோ, அதோடு ‘டி.எம்.இ.’ என்று மக்யூலா வீக்கம் குறித்திருந்தாலோ, விழித்திரை மருத்துவரிடம் அந்த வாரமே தேதி வாங்குங்கள். வாங்கிய தேதியில் போனார்களா என்று மறுநாள் கேளுங்கள்.